நிறுத்தத் தெரியாத டெப்ளாய்

எந்த நிறுவனத்தின் டெப்ளாய் ஸ்கிரிப்டைத் திறந்தாலும் கடைசி வரியாக வொர்க்கர் ரீஸ்டார்ட் உட்கார்ந்திருக்கும். அதற்கு மேலே உள்ளவையெல்லாம் சீராட்டி வளர்த்த பிள்ளைகள். டெஸ்ட் ஓடும், அசெட் கம்பைல் ஆகும், மைக்ரேஷனுக்குத் தனி ஒப்புதல் வாங்குவார்கள், வெப் சர்வரை ஒரு நொடிகூட விழாமல் மாற்றுவதற்கு லோட் பேலன்சரில் ஆயிரம் ஏற்பாடு செய்திருப்பார்கள். இத்தனையும் முடிந்த பிறகு, போகிற போக்கில், சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் சைட்கிக் என்று ஒரே ஒரு வரி. அதை எழுதியது யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. முந்தைய ப்ராஜெக்டிலிருந்து கூடவே வந்திருக்கும். வெப் பக்கம் ஐந்து நொடி படுத்தால் எல்லோருடைய போனும் அலறும். டெப்ளாயின்போது வொர்க்கரில் நாலு ஜாப் காணாமல் போனால் சத்தமே வராது. இரண்டு நாள் கழித்து யாராவது ஒரு வாடிக்கையாளர் ‘பணம் கட்டினேன், ரசீது வரவில்லை’ என்று கேட்பார். சப்போர்ட்டில் இருப்பவர் அந்த ரசீதைக் கையால் அனுப்பிவிட்டு டிக்கெட்டை மூடிவிடுவார். சத்தம் வராத இடத்து வேலைக்கு மதிப்பும் வராது என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். ஆனால் சமீப காலமாக இதை ஒரு வேலை என்றே ஒப்புக்கொள்ளாத போக்கு வந்துவிட்டது. ‘ரீஸ்டார்ட் போட்டால் போதுமே, இதில் என்ன இருக்கிறது?’ என்கிறார்கள். என்ன இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வொர்க்கரைத் துவக்குவது டெப்ளாயின் எளிய பாதி. நிறுத்துவதில்தான் தொழிலே இருக்கிறது. ரீஸ்டார்ட் என்பது ஒரே கட்டளையாகத் தெரிந்தாலும் உள்ளே அது நிறுத்து, துவக்கு என்ற இரண்டு வேலை. இரண்டாவது தவறினால் உடனே தெரிந்துவிடும். முதலாவது தவறினால் எதுவும் தெரியாது, ஏனென்றால் தவறுக்குச் சாட்சி சொல்ல வேண்டிய ப்ராசஸே செத்துப்போயிருக்கும். டெர்ம் சிக்னலுக்கும் கில் சிக்னலுக்கும் உள்ள வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை. தெரியாமல் இருப்பது, அந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை நொடி இருக்கிறது, அந்த நொடிகளை யார் எண்ணுகிறார்கள் என்பது. மூன்று பேர் எண்ணுகிறார்கள். சிஸ்டம்டி ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது, வொர்க்கர் லைப்ரரி ஒன்று வைத்திருக்கிறது, ஜாப் எழுதிய டெவலப்பரின் கோடு தன் போக்கில் ஒரு நேரத்தை எடுத்துக்கொள்கிறது. மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கியிருந்தால் ஒரு ஜாப்கூடத் தொலையாது. ஏதாவது ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு டெப்ளாயிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்.

சைட்கிக்கை வைத்தே சொல்கிறேன், ரூபி உலகில் அதிகம் புழங்குவது அதுதான். டெர்ம் வந்ததும் அது புதிய ஜாப் எடுப்பதை நிறுத்தும். கையில் இருக்கிற ஜாப்கள் முடிவதற்கு 25 நொடி கொடுக்கும். அதற்குள் முடியாதவற்றை மறுபடி ரெடிஸில் தள்ளிவிட்டு, த்ரெட்களை அறுத்துவிட்டு வெளியேறும். இதில் கவனிக்க வேண்டியது, மறுபடி தள்ளுகிற அந்தக் கடைசிக் காரியம். இலவசப் பதிப்பில் ஜாப்பை எடுக்கும்போதே அது ரெடிஸின் பட்டியலிலிருந்து நீங்கிவிடுகிறது. அந்த நிமிடம் முதல் அந்த ஜாப் இருப்பது ப்ராசஸின் மெமரியில் மட்டும்தான். திருப்பித் தள்ளுவதற்கு முன் கில் விழுந்தால் அது எங்கேயும் இல்லை. ரீட்ரை பட்டியலிலும் இல்லை, டெட் பட்டியலிலும் இல்லை, லாகில் துவங்கியது என்ற ஒரு வரியைத் தவிர வேறு தடயம் இல்லை. எடுக்கும்போதே இன்னொரு பட்டியலில் பத்திரப்படுத்தும் வசதி காசு கொடுத்து வாங்கும் ப்ரோ பதிப்பில் இருக்கிறது. அதை வாங்காமல், இதையும் தெரிந்துகொள்ளாமல் ஓட்டுகிற இடங்கள்தான் அதிகம்.

இப்போது கடிகாரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சிஸ்டம்டி டெர்ம் அனுப்பிவிட்டு, வேறு ஏதும் சொல்லாவிட்டால், 90 நொடி காத்திருந்து கில் அனுப்பும். உள்ளே 25, வெளியே 90, அடக்கம். ஆகவே எதையும் தொடாதவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். ஆபத்து, பாதி தெரிந்து தொடுகிறவர்களுக்குத்தான். ‘எங்கள் ஜாப் இரண்டு நிமிடம் ஓடும்’ என்று சைட்கிக்கின் நேரத்தை 120 ஆக்குவார்கள், யூனிட் ஃபைலில் டைம்அவுட்ஸ்டாப்செக் என்ற வரியைத் தொடமாட்டார்கள். 90ஆவது நொடியில் கில் விழும், திருப்பித் தள்ளும் வேளை வரவே வராது. ஜாப்பைக் காப்பாற்றப் போட்ட மாற்றமே ஜாப்பைக் கொல்லும். சூப்பர்வைசர் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் மோசம். அதில் நிறுத்தக் காத்திருக்கும் நேரம் தானாக வருவது 10 நொடி. டாக்கர் ஸ்டாப்பும் 10 நொடிதான். இரண்டிலும் 25 நொடி எண்ணுகிற சைட்கிக்கை அப்படியே வைத்தால், பத்து நொடிக்கு மேல் ஓடுகிற எந்த ஜாப்பும் ஒவ்வொரு டெப்ளாயிலும் சூதாட்டம்தான். இந்த 25 என்ற எண்ணே சும்மா வந்ததில்லை. 2019இல் 6.0 பதிப்பு வரும் வரை அது 8 நொடியாகத்தான் இருந்தது. ஹெரோக்குவும் அமேசானின் இசிஎஸ்ஸும் 30 நொடி தருவதால், அதற்குள் அடங்கும்படி 25 ஆக உயர்த்தினார்கள். மாற்றக் குறிப்பில் காரணத்தோடு எழுதியே வைத்திருக்கிறார்கள். மாற்றக் குறிப்பைப் படிக்கிற வழக்கம் நம்மிடம் எந்த அளவுக்கு இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இது சைட்கிக்குக்கு மட்டும் உரிய கதையும் அல்ல. ரெஸ்க்யூவில் டெர்ம் என்றால் ஓடுகிற ஜாப்பை உடனே வெட்டு என்று அர்த்தம். நிதானமாக நிற்கச் சொல்ல க்விட் சிக்னல் அனுப்ப வேண்டும். ஆகவே யூனிட் ஃபைலில் கில்சிக்னல் என்ற வரியை க்விட் என்று மாற்றாமல் ரெஸ்க்யூவை சிஸ்டம்டியின் கீழ் கொண்டுவந்தால், 90 நொடி கொடுத்தும் பயனில்லை. செலரி நேர் எதிர். டெர்ம் வந்தால் கையிலிருப்பது முடியும்வரை எத்தனை நேரமானாலும் காத்திருக்கத் தயார், ஆனால் சிஸ்டம்டி காத்திருக்காது. அதோடு செலரி தன் வழக்கப்படி, வேலையைத் துவங்குவதற்கு முன்பே க்யூவுக்கு ‘பெற்றுக்கொண்டேன்’ என்று சொல்லிவிடும். நடுவில் கில் விழுந்தால் அதுவும் போனதுதான். முடித்த பிறகு சொல்லும்படி மாற்றலாம். மாற்றினால் ஒரே வேலை இரண்டு முறை ஓடக்கூடும் என்ற பொறுப்பும் கூடவே வரும். பிறகு கில்மோட் இருக்கிறது. தானாக வரும் ஏற்பாட்டில் டெர்ம் சர்வீஸின் எல்லா ப்ராசஸ்களுக்கும் ஒரே நேரத்தில் போகும். தலைமை ப்ராசஸ் ஒன்றும் அதன் கீழ் பிள்ளை ப்ராசஸ்களுமாக ஓடும் வொர்க்கரில், தலைமை நிதானமாக முடிக்கலாம் என்று நினைப்பதற்குள் பிள்ளைகள் செத்துக் கிடப்பார்கள். மிக்ஸ்டு என்று ஒரு சொல்லை மாற்றினால் டெர்ம் தலைமைக்கு மட்டும் போகும், கடைசி கில் மட்டும் எல்லோருக்கும். இந்த ஒரு சொல்லுக்காக வீணாகிற இரவுகளுக்குக் கணக்கில்லை.

நிதானமாக நிறுத்த விரும்புகிறவர்கள் இந்த நொடிக் கணக்கோடு நின்றுவிடக் கூடாது. உண்மையான கைப்பழக்கம் நிறுத்துவதற்கு முன்னால் அமைதிப்படுத்துவதில் இருக்கிறது. சைட்கிக்கில் அதற்கு டிஎஸ்டிபி சிக்னல். ‘டிப்போ’ என்று போர்டு மாற்றிய பேருந்தைப் போல, புதிதாக யாரையும் ஏற்றாது, ஏறியவர்களை இறக்கிவிட்டுத்தான் போகும். யூனிட் ஃபைலில் எக்ஸெக்ரீலோட் வரியில் இந்தச் சிக்னலை எழுதிவைத்துவிட்டால், ரீலோட் கட்டளை கொடுத்து அமைதிப்படுத்தலாம். சைட்கிக் தரும் மாதிரி யூனிட் ஃபைலிலேயே அப்படித்தான் இருக்கிறது. இதை டெப்ளாயின் கடைசியில் அல்ல, முதலிலேயே கொடுக்க வேண்டும். புதிய கோடு இறங்கி, ஜெம்கள் நிறுவி, அசெட் கம்பைல் ஆகி, மைக்ரேஷன் முடிய நாலைந்து நிமிடம் ஆகிறது என்றால், அந்த நாலைந்து நிமிடமும் வொர்க்கர் தன் கையிலிருப்பதை முடித்துக்கொள்ள இலவசமாகக் கிடைக்கும் அவகாசம். கடைசியில் டெர்ம் போகும்போது பெரும்பாலான த்ரெட்கள் வெறுமையாக இருக்கும். 25 நொடிக்கு வேலையே இருக்காது. இந்த நேரத்தில் க்யூ தேங்குமே என்றால், ஆமாம், தேங்கும். ஆகவேதான் ஓடிபி அனுப்பும் க்யூவையும் மாதக் கடைசி சம்பளப் பட்டியல் தயாரிக்கும் க்யூவையும் ஒரே ப்ராசஸில் வைக்கக் கூடாது. இரண்டுக்கும் தனித்தனி யூனிட், தனித்தனிக் கடிகாரம். நொடியில் முடியும் ஜாப்களின் வொர்க்கரைக் கடைசி நேரத்தில் நிறுத்தித் துவக்கினால் போதும். நீண்ட ஜாப்களின் வொர்க்கரை முதலிலேயே அமைதிப்படுத்தலாம். ஒரே யூனிட்டில் எல்லாவற்றையும் கொட்டிவைத்துக்கொண்டு, எந்த எண்ணைப் போட்டாலும் சரிவரவில்லை என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

இந்த அமைதிப்படுத்தலில்தான் இந்தத் தொழிலின் மிகப் பிடிவாதமான சிக்கல் ஒளிந்திருக்கிறது, அதை விரிவாகவே சொல்ல வேண்டும். டிஎஸ்டிபி வாங்கிய சைட்கிக் ப்ராசஸை மறுபடி வேலைக்கு எழுப்ப முடியாது. அதற்கு எதிர்ச் சிக்னல் கிடையாது. நிறுத்தித் துவக்கினால்தான் உண்டு. இப்போது டெப்ளாய் நடுவில் முறிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரேஷன் ஒரு டேபிள் லாக்கில் சிக்கித் தோற்கிறது. ஸ்கிரிப்ட் சிவப்பு எழுத்தில் நின்றுவிடுகிறது. வெப் சர்வர் பழைய கோடோடு நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது, வாடிக்கையாளருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை, ‘நாளைக்குக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று குழு கலைந்துவிடுகிறது. வொர்க்கர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள். சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கேட்டால் பச்சைப் புள்ளி, ஆக்டிவ், ரன்னிங். மெமரி சரி, சிபியு சரி, வாட்ச்டாக் வைத்திருந்தால் அதற்கும் ஒழுங்காகத் துடிப்பு போகிறது. ஆனால் ஒருவரும் ஒரு ஜாப்பையும் எடுக்கவில்லை. இரவு முழுக்க க்யூ நீள்கிறது. கண்காணிப்புக்கு என்று வாங்கி வைத்திருக்கும் கருவிகளில் பெரும்பாலானவை ப்ராசஸ் இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்கின்றன, வேலை செய்கிறதா என்று கேட்பதில்லை. க்யூவில் முதலில் நிற்கும் ஜாப் எத்தனை நொடியாக நிற்கிறது என்ற ஒரே ஓர் எண்ணுக்கு எச்சரிக்கை வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த எண்ணை சைட்கிக்கே கேட்டவுடன் தருகிறது. டெப்ளாய் எந்த இடத்தில் தோற்றாலும், அமைதிப்படுத்திய வொர்க்கரைப் பழைய கோடோடு மறுபடி துவக்கும் ஒரு பின்வாங்கும் பாதை ஸ்கிரிப்டில் இருக்க வேண்டும். வெற்றிக்கான பாதையை மட்டும் எழுதிப் பழகிய கைகளுக்கு இது தோன்றுவதே இல்லை. அமைதிப்படுத்தல் வேண்டாம், அதனால்தான் வம்பு என்று அதையே எடுத்துவிடுகிறார்கள். வம்பு தீர்கிறது, கசிவு திரும்பி வருகிறது.

துவக்குவது எளிய பாதி என்றேன். எளிதுதான், ஆனால் அதிலும் பொய் உண்டு. யூனிட்டின் டைப் சிம்பிள் என்று இருந்தால், ப்ராசஸ் பிறந்த கணமே சிஸ்டம்டி ‘துவங்கிவிட்டது’ என்று பதில் சொல்லிவிடும். ரெயில்ஸ் ஏற ஆறேழு நொடி ஆகும். ஒரு என்விரான்மென்ட் மாறி விடுபட்டிருந்தால் ஐந்தாவது நொடியில் அது விழும். அதற்குள் டெப்ளாய் பச்சை காட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கும். பிறகு ரீஸ்டார்ட் விதி அதைத் திரும்பத் திரும்ப எழுப்பும். சிஸ்டம்டியிடம் ஒரு காவல் இருக்கிறது, 10 நொடிக்குள் 5 முறைக்கு மேல் துவங்கினால் போதும் என்று விட்டுவிடும். ஆனால் ஏறுவதற்கே ஐந்து நொடி எடுக்கும் அப்ளிகேஷன் 10 நொடிக்குள் ஐந்து முறை விழவே முடியாது. ஆகவே அந்தக் காவல் ஒருபோதும் தடுக்காது. வொர்க்கர் விழுவதும் எழுவதுமாக விடிய விடிய ஓடும், ஃபெய்ல்டு என்ற நிலை வரவே வராது. டைப்பை நோட்டிஃபை என்று மாற்றினால், வொர்க்கரே ‘தயார்’ என்று சொன்ன பிறகுதான் ஸ்டார்ட் கட்டளை திரும்பும். சைட்கிக் 6.0 வரிசையிலேயே இது வந்துவிட்டது. இருந்தும் பழைய சிம்பிளைப் பிரதியெடுத்துக்கொண்டிருக்கிறோம். யூசர் யூனிட்டாக வைத்திருப்பவர்கள் லிங்கர் இயக்காமல் விட்டால், டெப்ளாய் செய்தவரின் கடைசி எஸ்எஸ்எச் இணைப்பு மூடியதும் வொர்க்கரும் கூடவே மூடிக்கொள்ளும். அது வேறு கூத்து.

‘இதற்கெல்லாம் சிஸ்டம்டி எதற்கு, முன்பு நோஹப் போட்டுத்தானே ஓட்டினோம்?’ என்று கேட்கிற பழைய கைகளும் உண்டு. அவர்களுக்கும் பதில் இருக்கிறது. முன்பு வொர்க்கர் தன்னைத்தானே டீமன் ஆக்கிக்கொண்டு, தன் எண்ணை ஒரு பிட் ஃபைலில் எழுதிவைக்கும். சர்வர் திடீரென்று விழுந்து எழுந்தால் அந்த எண் பழையதாக இருக்கும், அதே எண் இப்போது வேறு யாருக்கோ சொந்தமாக இருக்கும். டெப்ளாய் ஸ்கிரிப்ட் அந்த யாரோவுக்கு டெர்ம் அனுப்பும். லினக்ஸ் கெர்னலில் 2008இல் சிக்ரூப் வந்தது. 2010இல் லெனார்ட் பொட்டரிங்கும் கே சீவர்ஸும் துவங்கிய சிஸ்டம்டி அதைப் பயன்படுத்தி, ஒரு சர்வீஸின் பிள்ளை, பேரப்பிள்ளை ப்ராசஸ் எதுவும் தப்பிக்க முடியாதபடி கணக்கு வைத்தது. சைட்கிக்கை எழுதிய மைக் பெர்ஹாம் டீமன்கள் தம்மைத் தாமே டீமன் ஆக்கிக்கொள்ள வேண்டாம் என்று 2014லேயே எழுதினார், 6.0இல் அந்த வசதியையே வெட்டி எறிந்தார். பிட் ஃபைலும் போயிற்று, சைட்கிக்சிடிஎல்லும் போயிற்று. அன்றைக்குத் திட்டித் தீர்த்தவர்கள் ஏராளம். வெட்டியது சரிதான் என்பது என் கட்சி. ப்ராசஸைப் பார்த்துக்கொள்ளும் வேலையை ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் விட்டால்தான், நிறுத்தும் ஒப்பந்தத்தை ஒரே இடத்தில் எழுதிவைத்துப் படிக்க முடியும்.

அடுத்த ஆட்சேபம் இளையவர்களுடையது, இன்னும் கனமானது. ‘எங்கள் ஜாப்கள் எத்தனை முறை ஓடினாலும் விளைவு ஒன்றுதான். கொன்றால் என்ன, மறுபடி ஓடிவிடும்.’ மேலே சொன்னபடி, கொன்றால் மறுபடி ஓடாது, தொலைந்துவிடும் என்பது முதல் பதில். தொலையாத ஏற்பாடு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எத்தனை முறை ஓடினாலும் ஒரே விளைவு என்பதை டேட்டாபேஸ் எழுத்துக்குச் சொல்லலாம். எஸ்எம்எஸ் கேட்வேக்கும் பேமென்ட் கேட்வேக்கும் அதை யார் சொல்வது? கோரிக்கையை அனுப்பியாயிற்று, பதில் வருவதற்குள் கில் விழுந்தது. பணம் போயிற்றா இல்லையா என்பது வொர்க்கருக்குத் தெரியாது. எதிர்ப்பக்கம் தனி அடையாள எண் வாங்கிக்கொள்ளும் வசதி இருந்து, நாமும் அதை ஒழுங்காக அனுப்பியிருந்தால் தப்பிக்கலாம். அந்தக் கோடை எழுதியவர்கள் இந்த வாதத்தை வைப்பதில்லை, எழுதாதவர்கள்தான் வைக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. நாற்பது நிமிடம் ஓடும் ஜாப் கொல்லப்பட்டால் முதலிலிருந்து துவங்கும். அரை மணிக்கு ஒரு டெப்ளாய் என்று பெருமைப்படும் குழுவில், பகல் முழுக்க அந்த ஜாப் ஒரு தடவைகூட முடியாது. பிழையும் வராது, ரீட்ரை எண்ணிக்கையும் ஏறாது, ஏனென்றால் திருப்பித் தள்ளப்பட்ட ஜாப் தோற்ற ஜாப் அல்ல. இரவு ஏழு மணிக்கு டெப்ளாய்கள் ஓய்ந்த பிறகுதான் அது முடியும். ‘அந்த ரிப்போர்ட் சாயங்காலம்தான் வரும்’ என்று அலுவலகமே அதற்குப் பழகிக்கொள்ளும்.

‘குபர்நெட்டிஸ் வந்த பிறகு இதெல்லாம் பழங்கதை’ என்பது அடுத்தது. பழங்கதையின் பெயர்களைத்தான் மாற்றியிருக்கிறார்கள். அங்கேயும் அதே டெர்ம், அதே கில், நடுவில் 30 நொடி. 25 அதற்குள் அடங்கும் என்று நிம்மதியடைவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். கன்டெய்னரை நிறுத்துவதற்கு முன் ஓடும் ப்ரீஸ்டாப் ஹுக் என்று ஒன்று உண்டு. அதற்கு ஆகும் நேரமும் அந்த 30 நொடியிலிருந்துதான் கழியும். வெப் கன்டெய்னருக்காக அதில் பத்து நொடி தூங்கு என்று எழுதியிருப்பார்கள், அது அங்கே நியாயம். அதே மேனிஃபெஸ்டைப் பிரதியெடுத்து வொர்க்கருக்கும் போட்டால் மிச்சம் 20. சைட்கிக் 25 எண்ணிக்கொண்டிருக்கும்போதே கில் விழும். டாக்கர்ஃபைலில் கட்டளையை ஷெல் வடிவில் எழுதியிருந்தால் இன்னும் விசேஷம். ஒன்றாம் எண் ப்ராசஸாக ஷெல்லே உட்கார்ந்திருந்தால் டெர்ம் அதற்குத்தான் வரும், அது வொர்க்கருக்குக் கடத்தாது. முப்பது நொடியும் யாருக்கும் எதுவும் தெரியாமல் கழிந்து எல்லோரும் சேர்ந்து சாவார்கள். சிஸ்டம்டி யூனிட்டை ஒழுங்காக எழுதத் தெரிந்தவருக்கு இது பார்த்தவுடன் பிடிபடும். தெரியாதவருக்கு யாமல் நான்கு பக்கம் இருந்தாலும் பிடிபடாது.

‘அப்படியானால் காத்திருக்கும் நேரத்தை முடிவிலி என்று போட்டுவிட்டால்?’ போடலாம், சிஸ்டம்டி ஏற்றுக்கொள்ளும். நிறுத்து என்ற கட்டளை அந்த ஜாப் முடியும்வரை திரும்பாது, டெப்ளாய் தொங்கும், நள்ளிரவில் யாரோ கையால் கில் மைனஸ் நைன் அடிப்பார்கள். அது எல்லாவற்றையும்விட மோசம். அந்த நேரமெல்லாம் பழைய கோடு புதிய டேபிள் அமைப்போடு ஓடிக்கொண்டிருக்கும். கேபிஸ்ட்ரானோ பாணியில் கரன்ட் என்ற சிம்லிங்கை மாற்றும் இடங்களில், பழைய வொர்க்கர் நிற்பது சிம்லிங்கில் அல்ல, அது துவங்கியபோது சுட்டிய பழைய ரிலீஸ் ஃபோல்டரில். வழக்கமாக ஐந்து ரிலீஸை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும். அழித்த பிறகு அந்த வொர்க்கர் பிடிஎஃப் டெம்ப்ளேட்டைத் தேடும், ஃபான்ட்டைத் தேடும், கிடைக்காது. இல்லாத ஃபைலைத் திறக்க முடியவில்லை என்று லாகில் வரும். சர்வரில் போய்ப் பார்த்தால் ஃபைல் கரன்டில் சிரித்துக்கொண்டிருக்கும். ஆகவே நேரத்தை நீட்டுவது தீர்வல்ல, ஜாப்பைச் சுருக்குவதுதான் தீர்வு. லட்சம் வரிசையை ஒரே ஜாப்பில் ஓட்டாமல், எங்கே விட்டோம் என்று குறித்துக்கொண்டு நிற்கத் தெரிந்த ஜாப்பாக எழுத வேண்டும். ஷாப்பிஃபை இதற்காக ஜாப் இட்டரேஷன் என்ற ஜெம்மை வெளியிட்டது. சைட்கிக்கே 2024இல் 7.3 பதிப்பில் இதைச் சேர்த்துக்கொண்டது. 2025இல் வந்த ரெயில்ஸ் 8.1இலும் அதே எண்ணம் வந்துவிட்டது. இன்ஃப்ரா ஆட்களின் தலையில் கட்டப்பட்டிருந்த சுமை கடைசியில் ஜாப் எழுதுகிறவரின் மேசைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. அது அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

க்யூ என்பது பழைய கோடும் புதிய கோடும் சந்திக்கும் இடம் என்பதும் ரீஸ்டார்ட் ஆட்களுக்கு உறைப்பதில்லை. வெப் புதிதாகி வொர்க்கர் பழையதாக இருக்கும் அந்த ஒரு நிமிடத்தில் புதிய ஜாப் ஒன்று விழுந்தால், சைட்கிக் அந்தப் பெயரே தெரியாது என்று தோற்றுப் பிறகு ரீட்ரை செய்யும், பிழைத்துக்கொள்ளும். செலரி அப்படி அல்ல. பதிவில் இல்லாத டாஸ்க் என்று லாகில் ஒரு வரி எழுதிவிட்டு அந்தச் செய்தியையே தூக்கிப் போட்டுவிடும். அப்படியானால் வொர்க்கரை முதலில் மாற்றலாமா? புதிய ஜாப்பைச் சேர்க்கும்போது அதுதான் சரி, பழைய ஜாப்பை நீக்கும்போது அதுதான் தவறு. இரண்டையும் ஒரே டெப்ளாயில் செய்தால் எந்த வரிசையும் சரிவராது. இரண்டு டெப்ளாயாகப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. இதைச் சொன்னால் ‘ஒரு சின்ன மாற்றத்துக்கு இரண்டு ரிலீஸா?’ என்று புருவம் உயர்த்துகிறார்கள். சைட்கிக் தோற்ற ஜாப்பை 25 முறை, ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு, திரும்பத் திரும்ப முயலும். மூன்று வாரத்துக்கு முந்தைய கோடு போட்ட ஆர்க்யுமென்ட்களோடு ஒரு ஜாப் இன்று உங்கள் புதிய கோடின் வாசலில் வந்து நிற்கலாம். டெப்ளாய் முடிந்தது என்று நீங்கள் நினைத்த பிறகும் மூன்று வாரம் அது முடிந்திருக்காது.

தரம் இறங்கிவிட்டது என்றால் வயதானவர் புலம்பல் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் 1992இல் எழுதிய யூனிக்ஸ் புத்தகத்தில் சிக்னல்களுக்கு என்றே பத்தாவது அத்தியாயம் முழுவதையும் ஒதுக்கியிருந்தார். வொர்க்கரை நிறுத்துவது பற்றி இன்றைக்குத் தெரிய வேண்டியதன் அடிப்படை அத்தனையும் அதில் இருக்கிறது, சைட்கிக் பிறப்பதற்கு இருபது ஆண்டு முன்பே. இன்றைய டெவ்ஆப்ஸ் வகுப்புகளில் எத்தனை கிளவுட் சான்றிதழ் வேண்டுமானாலும் வாங்கலாம், சிக்னல் என்ற சொல் காதில் விழாமலே வெளியே வந்துவிடலாம். நேர்காணலில் பாட் எத்தனை, ரெப்ளிகா எத்தனை என்று கேட்கிறார்கள். ‘உங்கள் வொர்க்கர் கடைசியாக நின்றபோது எப்படி நின்றது?’ என்று யாரும் கேட்பதில்லை. மாதிரி யூனிட் ஃபைலில் பல வரிகளுக்கு மேலே விளக்கம் எழுதித்தான் தருகிறார்கள். பிரதியெடுக்கும்போது முதல் வேலையாக அந்த விளக்கங்களை அழித்துவிடுகிறார்கள், ஃபைல் சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

எப்படி நின்றது என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. டெப்ளாய் முடிந்ததும் ஜர்னல்சிடிஎல்லில் அந்த யூனிட்டின் கடைசி ஐம்பது வரியைப் பாருங்கள். சைட்கிக் ஒழுங்காக நின்றிருந்தால், அணைகிறேன் என்று ஒரு வரி, ஜாப்கள் முடியக் காத்திருப்பதாக ஒரு வரி, திருப்பித் தள்ளியிருந்தால் இத்தனை ஜாப் ரெடிஸுக்குத் திரும்பியது என்று ஒரு வரி, கடைசியாக ‘பை!’ என்று ஒரு சொல் இருக்கும். அதன் பிறகுதான் சிஸ்டம்டியின் ‘ஸ்டாப்டு’ வரும். ‘பை!’ இல்லாமல், டெர்முக்கான நேரம் முடிந்தது, கொல்கிறேன் என்று சிஸ்டம்டி எழுதியிருந்தால் அந்த டெப்ளாய் எதையோ தின்றிருக்கிறது. அந்தப் ப்ராசஸ் துவங்கி முடிக்காத ஜாப்களை லாகிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, கையால் மறுபடி க்யூவில் போட வேண்டும். இந்தச் சரிபார்ப்பை மனிதர் செய்ய வேண்டும் என்றுகூட இல்லை. நிறுத்தியபின் அந்த ஒரு சொல் லாகில் வந்ததா என்று ஸ்கிரிப்டே தேடிப் பார்த்து, வராவிட்டால் டெப்ளாயைச் சிவப்பாக்க மூன்று வரி ஷெல் போதும். வெப் பக்கத்து ஹெல்த் செக்குக்கு முந்நூறு வரி எழுதி வைத்திருக்கிற ரெப்பாசிட்டரிகளில் இந்த மூன்று வரி இருக்கிறதா என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள்.